காது கழுவும் ஆயாம்மா

ஆயாம்மா காது கழுவுவதை முதல் தடவை பார்ப்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். வீட்டுக்குப் பின்புறம் இருந்த அடிபம்பில் நாலு அடி அடித்து வாளியை நிரப்புவார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி, வலது காதுக்கு மூன்று தடவை, இடது காதுக்கு மூன்று தடவை. பிறகு சோப்புப் போட்டு, காது மடலை உருட்டி உருட்டித் தேய்ப்பார், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "போச்சு" என்பார். அவ்வளவுதான்.

போனது என்னவென்றால், அன்று காலையிலிருந்து அந்த வீட்டில் ஒரு மனிதன் பேசிய பேச்சு முழுவதும்.

கடலூர் முதுநகரில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் அவர் வீடு. பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் எல்லோருக்கும் ஆயாம்மா. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அவர் யார் பெயரையும் வெளியில் சொன்னதில்லை. நானும் சொல்லாமல் விடுகிறேன்.

குடியை நிறுத்த மருந்து கொடுப்பார். கொட்டாங்குச்சியில் ஒரே ஒரு வாய். அதில் ஊமத்தை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அதை அவரே சொல்லிவிடுவார். மற்றது என்ன, எவ்வளவு என்பதெல்லாம் அவரோடு போயிற்று. அதைக் குடித்தவன் ஒரு பகல் முழுவதும் இந்த உலகத்தில் இருக்க மாட்டான். எதிரில் இல்லாதவர்களோடு பேசுவான், சண்டை போடுவான், யார் காலையோ பிடித்துக்கொண்டு அழுவான். பொழுது சாய்கிற நேரத்தில் மெல்லத் தெளிவான். தெளிந்தவர்களில் பாதிப் பேர் பிறகு கடைப் பக்கம் போவதில்லை என்று சொல்வார்கள். மீதிப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், "பிரசவத்துக்கு வந்த ஒரு மலைக்காரி" என்பார் ஒரு நாள். "என் மாமியா" என்பார் இன்னொரு நாள். இரண்டும் நிஜமில்லாமலும் இருக்கலாம்.

எனக்கு அதில் ஒரு உறுத்தல் இருந்தது. நான் சிதம்பரத்தில் வாக்கப்பட்டவள். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. விடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் சபாநாயகர் நடராசரைப் பார்த்து வந்த பிறகுதான் என் வீட்டில் அடுப்பு எரியும். ஆயாம்மா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டே விட்டேன்.

"ஆயாம்மா, அந்த ஊமத்தை எங்க நடராசர் தலையில வெச்சிருக்கிற பூவாச்சே. நீங்க எடுத்து மருந்து பண்றீங்களே?"

"தலையிலதானே வெச்சிருக்காரு? வாயில போட்டுக்கலியே? அவருக்கே தெரியுது அது விஷம்னு. எனக்கும் தெரியும். அதனாலதான் நானும் ஒரு எடத்துல உக்காந்து கையப் புடிச்சிக்கிறேன்."

கையைப் பிடித்துக்கொள்வதுதான் அவருடைய வைத்தியம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மருந்து குடித்தவனைப் பாயில் படுக்க வைத்து, மணிக்கட்டை ஒரு பக்கம் அவர் பிடித்துக்கொள்வார். பிரசவ வார்டில் பழகிய கை. பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார், ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டார். இன்னொரு மணிக்கட்டைப் பிடிக்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். யாராவது ஒருவர் என்றால் போதாது. அவனால் அதிகமாக அடிபட்டவர் யாரோ அவர்தான் உட்கார வேண்டும்.

இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அவர் மருந்து கொடுத்ததில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார், மகனுக்காக. மகன் வரவில்லை.

"பொடியா இடிச்சிக் குடுத்துடுங்க. கறிக்கொழம்புல கலந்து ஊத்திடறேன். அவனுக்குத் தெரியவே வேணாம்."

"தெரியாம குடுத்தா அதுக்குப் பேரு மருந்து இல்லம்மா. அதுக்கு வேற பேரு இருக்குது. போலீஸ்காரங்ககிட்ட கேளு, சொல்லுவாங்க."

அந்த அம்மாள் அழுதார். ஆயாம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். பொடி கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு நாளைக்கு எட்டு நடை. குடித்தாலும் வேலைக்குப் போய்விடுவார். அடிப்பார் என்று சொல்ல மாட்டேன், அடித்தது இரண்டே தடவை. ஆனால் வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நம்பிக்கையே எனக்குப் போய்விட்டிருந்தது. சுனாமி வந்த அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரே என்னைக் கூட்டிக்கொண்டு ஆயாம்மாவிடம் போனார்.

"நீ கேக்கிறியா, இவ கேக்க வெச்சாளா?" என்றார் ஆயாம்மா.

"நான்தான் கேக்கிறேன்."

"ஏன் கேக்கிற?"

"டிக்கெட்டு கிழிக்க முடியல ஆயாம்மா. கை நடுங்குது. நேத்து ஒரு காலேஜு பொண்ணு என் கையப் பாத்துட்டு, குடுங்கண்ணேன்னு டிக்கெட்டு கட்ட வாங்கி அதுவே கிழிச்சிக்கிச்சி."

ஆயாம்மா நாடி பார்த்தார். அப்படியும் அன்றைக்குக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பார்த்துச் சீட்டு வாங்கி வரச் சொன்னார். சீட்டோடு மறு வாரம் போனோம்.

"உன்னால ரொம்ப அடிபட்டது யாரு?"

அவர் மோவாயால் என்னைக் காட்டினார்.

"அப்ப நீ உக்காரு பொண்ணு. ஆனா ஒரு சத்தியம் வேணும். இங்க கேக்கிறது இங்கயே முடிஞ்சுது. வூட்ல சண்டையில இழுக்கக் கூடாது, உங்கம்மாகிட்ட சொல்லக் கூடாது, அவன்கிட்டயே திருப்பிக் கேக்கக் கூடாது. நான் வேதபுத்தகத்து மேல, நீ கற்பூரத்து மேல."

கற்பூரத்தையும் அவரே வைத்திருந்தார். ஏற்றி அணைத்தேன்.

மருந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரருடைய கண்மணி அகலமாகிவிட்டது. வாய் உலர்ந்தது. விரல்கள் காற்றில் எதையோ கிள்ளத் தொடங்கின. என்ன செய்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

"காரைக்காடு! காரைக்காடு எறங்கு! ஆலப்பாக்கம்லாம் உள்ள வா!"

என்னைப் பார்த்து, "எங்கம்மா போவணும்?" என்றார்.

"சிதம்பரங்க" என்றேன்.

"உள்ள போ, உள்ள போ. ஒக்கார எடம் இருக்குது."

"கட்டினவளுக்கே டிக்கெட்டு குடுத்துட்டான்" என்று ஆயாம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் இப்படிச் சிரிப்பும் உண்டு.

பெரியப்பட்டு தாண்டியதும் அவர் குரல் மாறியது. புதுச்சத்திரம் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, குடித்திருந்த ஒரு நாளில் அவர் வேறொருவருக்குச் செய்த ஒரு கெடுதலைச் சொல்லத் தொடங்கினார். அது வரைக்கும்தான் நான் எழுதலாம். கேட்டதும் என் கை தானாகத் தளர்ந்துவிட்டது. ஆயாம்மா அவரைத் தாண்டி எட்டி, என் விரல்களை எடுத்து அவர் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார்.

"உடாத. இப்பதான் புடிக்கணும்."

சாயங்காலம் அவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். என்ன பேசினோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. "ஏதாச்சும் ஒளறினேனா?" என்று கேட்டார்.

"பஸ்ஸு ஓட்டின" என்றார் ஆயாம்மா.

என்னைப் பின்புறம் கூட்டிக்கொண்டு போய் பம்பை அடித்தார். "கழுவு. நல்லா தேய். போச்சுன்னு சொல்லு."

"போச்சு" என்றேன்.

போகவில்லை.

பிறகு ஒரு மாதம் கழித்து, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஆயாம்மா முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஓடிப்போய் கையைப் பிடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரும்மா?" என்றார். ஊர் சொன்னேன், வீட்டுக்காரர் வேலையைச் சொன்னேன். "தெரியலியேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் எல்லோரிடமும் அப்படித்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு புரட்டாசியிலும் திருவந்திபுரம் பெருமாளைச் சேவித்துவிட்டு வரும்போது ஒரு குளிக்கிற சோப்பு வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போவேன். அதற்கு மேல் அவர் எதையும் வாங்க மாட்டார். "யாரும்மா? சோப்பா? வெச்சிட்டு உக்காரு" என்று புது ஆளைப் போலவே பேசுவார். பேச்சு என்னவோ உறவுக்காரர் பேச்சாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு நாள் நான் இருக்கும்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். வாசலில் வண்டி எஞ்சினை அணைக்காமலே அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"என் மச்சான் போன வாரம் வந்தானே ஆயா? அந்த மனை விஷயமா ஏதாச்சும் வாய உட்டானா?"

"எந்த மச்சான்?"

"குண்டா இருப்பான். நெத்தியில தழும்பு."

"போன வாரம் இங்க ஒரு பூனைதான் வந்துச்சு. அதுக்கு நெத்தியில ஒன்னும் இல்ல."

"கெழவிக்குக் காது அவுட்டு" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். ஆயாம்மா காதில் விழாத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மூன்று வருஷம் என் வீட்டுக்காரர் குடிக்கவில்லை. சிதம்பரத்தில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டினார். "அது உயிரை எடுக்கிற செடிம்மா. மூளையே கலங்கிடும். இந்த ஆள் எழுந்து உக்காந்தது உன் அதிர்ஷ்டம்." அவர் சொன்னது சரி. இதைப் படிக்கிற யாரும் அந்தச் செடியைத் தொட வேண்டாம். ஆயாம்மாவே சொல்லியிருக்கிறார், ஒருத்தனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று. பிழைத்தானா என்று கேட்டேன். முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கினார். அவர்மேல் எனக்கு இருந்த பாசத்தோடு அந்தப் பயமும் கடைசிவரை இருந்தது.

இரண்டாயிரத்தெட்டில் நான் சத்தியத்தை மீறினேன். பெரிய காரணம் இல்லை. கோயிலில் கூட்டம், நான் வரத் தாமதம், காப்பி இல்லை.

"எந்நேரமும் கோயிலு, கோயிலு. உன் சாமி உனக்கு என்னாதான் பண்ணுச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"என் சாமிகிட்ட நான் எதையும் மறைக்கல. உன்ன மாதிரி புதுச்சத்திரத்துல பண்ணத..."

பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாதியே போதுமாக இருந்தது. அவர் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனதைப் பார்த்தேன். அவருக்கு அப்போதுதான் தெரிகிறது, எனக்குத் தெரியும் என்பது. மூன்று வருஷமாகத் தெரிந்துகொண்டே சோறு போட்டிருக்கிறேன் என்பது. சட்டையை மாட்டிக்கொண்டு போனார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது வாசலிலேயே வாடை அடித்தது.

அன்றைக்கே பஸ் ஏறி ஆயாம்மாவிடம் போனேன். "யாரும்மா?" என்றார். நான் சத்தியத்தை உடைத்துவிட்டேன் என்று சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ மருந்து குடுங்க ஆயாம்மா. எவ்ளோ நாள் வேணும்னாலும் கையப் புடிச்சிக்கிறேன்."

"ரெண்டாந்தடவ கிடையாது. புத்தி போயிடும். அதுவும் இல்லாம, இப்ப நோவு அவனுக்கு இல்ல. உன் வாயிக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆயாம்மா சொன்னார், "நானும் வாய உட்டவதான். என் வூட்டுக்காரன் காய்ச்சல்ல ஒளறினத என் தங்கச்சிகிட்ட சொன்னேன். அவ அவ வூட்ல சொன்னா. காய்ச்சல் எறங்கி, செருப்ப மாட்டிக்கினு போனான். முப்பது வருஷம் ஆவுது. இன்னும் வரல."

"அப்ப நான் என்னா பண்றது?"

"அவன் சொன்னது உன்கிட்ட இருக்குது. உன்னுது அவன்கிட்ட என்னா இருக்குது? ஒன்னும் இல்ல. அதான் அவனால தாங்க முடியல. யாருக்கும் சொல்லாதது உன்கிட்ட ஒன்னு இருக்கும் பாரு, அத சொல்லு. மருந்து வேணாம். கைய மட்டும் புடிச்சிக்கச் சொல்லு."

இருந்தது. இது என்னுடையது, அதனால் எழுதலாம். மருந்துக்கு முந்திய வருஷம், ஒன்பது வெள்ளிக்கிழமை தில்லையம்மன் கோயிலில் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டேன். எதற்கு என்று கேட்டவர்களிடம், குடி நிற்க வேண்டும் என்று சொன்னேன். அம்மனிடம் கேட்டது வேறு. 'இந்த ஆளைக் கொண்டு போய்விடு தாயே.' ஒன்பது வெள்ளியும் அதைத்தான் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் தெளிவாக இருந்த நேரத்தில், என் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சமையற்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தோம். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கை ஒரு தடவை தளர்ந்தது. பிறகு இறுகியது. நான் சொல்லி முடித்ததும் எழுந்து குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது சட்டைத் தோள் இரண்டும் நனைந்திருந்தது.

"போச்சு" என்றார்.

அன்றோடு எல்லாம் சரியாயிற்று என்று எழுத ஆசைதான். இன்னும் நாலு மாதம் விட்டு விட்டுக் குடித்தார். என்னைத் திட்டிய அந்த டாக்டரிடமே போய் மாத்திரை வாங்கினார். பிறகு நின்றது. எது நிறுத்தியது என்று எனக்குத் தெரியாது. நடராசரிடம் கேட்டால் அவரும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

தானே புயல் அடித்த பிறகு வந்த தை மாதம். என் வீட்டுக்காரர் மத்தியான நடையில் பாதியில் இறங்கி வீட்டுக்கு வந்தார். "முதுநகர்ல ஏறின பொம்பளைங்க பேசிக்கினாங்க. ஆயாம்மாவுக்கு ஓடு சரிஞ்சி இடுப்பு போச்சாம். ஜுரமாம். வாய் மூடாம பேசுறாங்களாம்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்திலேயே, எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இருவரும் போனோம். புயலில் கூரை பாதி போயிருந்தது. மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். வாசலில் பத்துப் பதினைந்து பேர். ஜன்னலில் நாலு தலை. ஆயாம்மாவின் மகள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில பாத்துட்டு, வயசாயிடுச்சு, வூட்ல வெச்சிப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்கக்கா. முந்தாநேத்துலேர்ந்து இப்படித்தான். யார் யாரு பேச்சோ பேசுது. வாயில துணி வெச்சி அடைச்சிடலாமான்னு இருக்குது."

உள்ளேயிருந்து ஆயாம்மாவின் குரல் வந்தது. குரல் அவருடையது, பேச்சு அவருடையது இல்லை. யாரோ ஒருவன் தன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். "அய்யய்யோ, இது நம்ம ரைஸ்மில்லுக்காரரு மாதிரி இல்ல?" என்று ஜன்னலில் ஒருத்தி கையைத் தட்டினாள். "சும்மா இருடி, அடுத்தது யாருன்னு கேப்போம்" என்றாள் இன்னொருத்தி.

ஒன்றுமே போகவில்லை. அத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தும் ஒரு சொல்கூடப் போகவில்லை. இருபது வருஷத்துப் பேச்சையும் அந்த அம்மாள் உள்ளேயே வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் "யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். பாயில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வெளியே என் வீட்டுக்காரருடைய குரல் கேட்டது. முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய குரல்.

"எறங்கு, எறங்கு! எல்லாம் எறங்கு! வண்டி இதோட கடைசி. உள்ள எடம் கெடையாது. ஏம்மா, உனக்குத் தனியா சொல்லணுமா?"

சிரித்தார்கள், முணுமுணுத்தார்கள், போனார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். ஆயாம்மாவின் விரல்கள் காற்றில் எதையோ கிள்ளத் தொடங்கியிருந்தன.

"காரைக்காடு எறங்கு. ஆலப்பாக்கம்லாம் உள்ள வா."

அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் அவரைப் பார்க்காமல் ஆயாம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பட்டு வந்தது. புதுச்சத்திரம் வந்தது. தான் அன்றைக்குப் பேசியதை என் வீட்டுக்காரர் அதற்கு முன் கேட்டதில்லை. இப்போது முழுவதும் கேட்டார். கேட்டுக்கொண்டே வந்து எதிர்ப் பக்கம் உட்கார்ந்து, ஆயாம்மாவின் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்தார். பிடி ஒரு தடவை தளர்ந்தது.

"உடாதீங்க" என்றேன்.

விடவில்லை. எங்களுக்குத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், எத்தனையோ பேர் பேசிப் போனார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஆயாம்மா ஓய்ந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"யாரும்மா?" என்றார்.

"சும்மா வந்தேன் ஆயாம்மா. சோப்பு குடுத்துட்டுப் போலாம்னு."

"வெச்சிட்டு உக்காரு" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் இருவரும் பின்புறம் போனோம். ஊமத்தைச் செடிகளைப் புயல் வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தது. பம்பு மட்டும் நின்றது. அவர் அடித்தார், நான் குனிந்து வலது காதுக்கு மூன்று தடவை, இடது காதுக்கு மூன்று தடவை தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிறகு நான் அடித்தேன், அவர் குனிந்தார். தைமாதத்துத் தண்ணீர், சில்லென்று இருந்தது.

"போச்சா?" என்று கேட்டார்.

நான் சோப்பை அவர் கையில் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் தேயிங்க" என்றேன்.